பதினேழு சட்டை வால்கள்

10 ஜூன் 1984
'வில்பர் ஹாக்ஸ்' கப்பல், சுப்பீரியர் ஏரி

ஈலி நகரின் வருங்கால வேட்டைத் தளபதி, என் ஒரே மருமகள் மிலேனாவுக்கு, ஐந்து பெரும் ஏரிகளின் சமையல் சக்கரவர்த்தி லூட்விக் பெரூஷெக் எழுதுவது. நான் சுகம். கப்பலில் இருபத்தெட்டுப் பேரும் சுகம். மூன்று வேளையும் என் சமையலைத் தின்றும் சுகம் என்பதைக் கவனி. உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் அப்பா இன்னும் தன் கடையில் உட்கார்ந்து ஊராரின் பாதங்களை அளந்துகொண்டிருக்கிறாரா?

நேற்று இங்கே ஓர் அலை அடித்தது. சட்டியிலிருந்த சூப் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே போய், கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து சட்டியில் உட்கார்ந்தது. உப்பு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. இந்த நவம்பரில் நீ மான் வேட்டைக்கு வரலாம். பெரூஷெக் குடும்பத்துப் பிள்ளைகள் முதல் மானைத் தாத்தாவின் ரைபிளால்தான் சுட வேண்டும் என்பது சட்டம். உங்கள் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேனே, அதுதான். வேட்டைக் குடிசையில் அதைப் 'பெரியவர்' என்போம். ஒன்பது பவுண்டு எடை, தோளில் பதியும் இடத்தில் இரும்புத் தகடு, தேர்ட்டி ஆட் சிக்ஸ் என்னும் பெரிய தோட்டா. அதைக் கொண்டு நான் சாய்த்த ஒரு மானின் கொம்பில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர்ச் சலவை உலர்ந்தது.

இதுவரை பெண் பிள்ளைகள் யாருக்கும் அது கிடைத்ததில்லை, உன் அம்மா உட்பட. எனக்குப் பிள்ளை இல்லை. ஆகவே மகுடம் உனக்கு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே; நான் கல்லெறிந்தே மான் பிடிப்பேன்.

ஆசீர்வாதங்களுடனும் வெங்காய வாசனையுடனும்,
லூட்விக் மாமா

2 ஜூலை 1984
ஈலி, மினசோட்டா

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சமையல்காரரிடம் இதைக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ரைபிளை எடுத்துப் பார்த்தோம். நன்றி. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் அப்பா அளவு எடுத்தார். தோளில் பதியும் மரக்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டுமாம். என் விரலுக்கும் விசைக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் இருக்கிறது. அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாலாம் நம்பர் காலுக்குப் பன்னெண்டாம் நம்பர் பூட்ஸக் குடுத்துட்டு, 'எங்க தாத்தா போட்டது'ன்னு சொன்னா, கால் கேக்குமா?" டூ ஃபார்ட்டி த்ரீ என்று சின்னத் தோட்டா போடும் ரைபிள் ஒன்று இருக்கிறதாம். கட்டையும் குட்டை. மானுக்கு அது போதும் என்கிறார்.

நான் வேண்டாம் என்றேன். முதல் பெண் நான் என்றால் எல்லோரும் சுட்டதைத்தான் நானும் சுட வேண்டும்.

ஆகஸ்டில் பாதுகாப்பு வகுப்பு தொடங்குகிறது. ஒரு கேள்வி. நீங்கள் மொத்தம் எத்தனை மான் சுட்டிருக்கிறீர்கள்? வகுப்பில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மிலேனா

20 ஜூலை 1984
டெட்ராய்ட் அருகே

வீரத் திருமகளுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதியதற்குக் காரணம், தபால் படகு வந்து போவதற்குள் ஒரு சுகம் ஆற்றில் விழுந்தாலும் இரண்டு மிஞ்சட்டும் என்பதே. அப்பாவின் முதுகுக்குப் பன்றிக்கொழுப்புத் தடவச் சொல்.

ஒன்றரை அங்குலமா? நவம்பருக்குள் கை வளர்ந்துவிடும். உன் வயதில் நான் ஒரே வாரத்தில் மூன்று அங்குலம் வளர்ந்தேன். வளரும் சத்தத்தில் தூக்கம் போய், பக்கத்து வீட்டுக்காரர் வந்து புகார் செய்தார். டூ ஃபார்ட்டி த்ரீ! அந்தத் தோட்டா பட்டால் மான் நின்று, "யாரோ கூப்பிட்டாங்களே?" என்று திரும்பிப் பார்க்கும். செருப்புக் கடை மச்சானிடம் சொல், ஷூவுக்கு லேஸ் கட்டுவது வேறு, வேட்டை வேறு.

எத்தனை மான் என்றா கேட்டாய்? வானத்து மீனை எண்ணச் சொல்லு, எண்ணுகிறேன். ரூடியும் ஃப்ராங்கும் நானும் நவம்பரில் தங்கும் வேட்டைக் குடிசையின் சுவரைப் பார்த்தால் உனக்கே புரியும். மானைக் குறிவைத்துத் தவறவிட்டவனைப் பிடித்து, அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணி அடிப்பது எங்கள் வழக்கம். பெயர் எழுதுவதில்லை, அவமானத்துக்கு விளம்பரம் எதற்கு? அங்கே தொங்குபவை தோற்றவர்களின் கொடிகள். நடுவில் இருக்கும் கொம்புகள் வென்றவர்களுடையவை. இதற்கு மேல் சொல்ல என் அடக்கம் தடுக்கிறது.

வகுப்பில் நாற்பது என்று சொல். ஆசிரியர் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளி.

உன் புகழை எதிர்நோக்கும்,
லூட்விக் மாமா

14 ஆகஸ்ட் 1984
ஈலி

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரூடி மாமா என்னைச் சரளைக்கல் பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். பெரியவரால் மூன்று தடவை சுட்டேன். நன்றாக இருந்தது. அட்டையில் ஒன்றும் படவில்லை. ரூடி மாமா தோளைத் தட்டி, "சபாஷ், உன் மாமனும் இப்படித்தான் ஆரம்பிச்சான்" என்றார். மறுபக்கத் தோளைத் தட்டியிருக்கலாம்.

கையெழுத்து மோசமாக இருப்பதற்கு மன்னிக்கவும். இந்த வாரம் இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

வகுப்பில் நாற்பது என்று சொல்லிவிட்டேன்.

மிலேனா

30 ஆகஸ்ட் 1984
சுப்பீரியர் ஏரி

இடக்கை வித்தகி மிலேனாவுக்கு,

நான் சுகம். அம்மா, அப்பா, முழங்கால், முதுகு எல்லோருக்கும் என் விசாரிப்பு.

இங்கே மறுபடி அலை. இம்முறை ஒரு மீன் படியேறி சமையலறைக்கு வந்து, என் கையிலிருந்த வாணலியைப் பார்த்து, "இன்னிக்கி என்ன விசேஷம்?" என்று கேட்டது. "நீதான்" என்றேன். கப்பல் தலைவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அலை பனைமர உயரம் என்று எழுத நினைத்தேன். நான் பனைமரத்தைப் பார்த்ததில்லை என்பதால் மூன்று மாதா கோவில் உயரம் என்று வைத்துக்கொள்.

சுடும்போது உன் கண் மூடியதா?

சும்மா கேட்டேன். பதில் எழுத மறந்தாலும் பரவாயில்லை. அட்டையில் படாததைப் பற்றிக் கவலைப்படாதே. அட்டைக்கு மானைப் போல மரியாதை தெரியாது. உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை காத்திருக்கிறது. முடிக்கிறேன்.

மாமா

16 செப்டம்பர் 1984
ஈலி

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். என் தோளும் இப்போது சுகம். கறுப்பு போய்ப் பச்சையாகி, மஞ்சளாகிவிட்டது. அதனால்தான் அப்போது இடது கை. அம்மாவிடம் சைக்கிளில் விழுந்ததாகச் சொல்லியிருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மூடியது. மூன்று தடவையும்.

எங்கள் வகுப்பை ஐலா அம்மையார் எடுக்கிறார். ஒரு நாள் எல்லோருக்கும் சின்ன ரைபிளில் அவரே தோட்டா போட்டுக் கொடுத்தார். நாங்கள் பார்க்கக் கூடாது. சிலது நிஜத் தோட்டா, சிலது வெற்று. எனக்கு வெற்று வந்தது. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் குழல் ஒரு முழம் துள்ளியது. "என்னடி பொண்ணே, அது வெடிக்கவே இல்ல, நீ எதுக்கு வெடிக்கிற?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். "சிரிங்கடா, உங்க முறையும் வருது" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, முதலில் எதால் சுட்டாய் என்று கேட்டார். சொன்னேன். "பெரிய துப்பாக்கி சின்ன உடம்ப ஒரு தடவ உதைச்சா, உடம்பு அத மறக்காது. விசையத் தொடும்போதே கண்ணு மூடிக்கும். சில பேருக்கு ஆயுசுக்கும் போறதில்ல. இந்த ஊர்லயே இருக்காங்க, வெளிய சொல்ல மாட்டாங்க" என்றார்.

போன சனிக்கிழமை அம்மாவும் நானும் குடிசையைச் சுத்தம் செய்யப் போனோம். எலி நிறைய. சுவரில் பதினேழு சட்டை வால்கள் இருந்தன. பதினொன்று எனக்குத் தெரிந்த துணி. பச்சைக் கட்டம் போட்டது 1979 கிறிஸ்துமஸுக்கு அம்மா எடுத்தது; மிச்சத் துணியில் எனக்குப் பைஜாமா தைத்தாள். சிவப்பில் கறுப்புக் கோடு எங்கள் சமையலறைத் திரை. அம்மா சட்டை தைப்பது இரண்டு பேருக்குத்தான். அப்பா வேட்டைக்குப் போவதில்லை.

நான் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை. எண்ணியதை எழுதினேன்.

அன்புடன்,
மிலேனா

7 அக்டோபர் 1984
ஈலி

அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்குச் சுகம்தான்.

மிலேனா எழுதி மூன்று வாரமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தபால் பெட்டிக்குப் போகிறாள். அவள் எழுதியதை இப்போது என்னிடம் சொல்லிவிட்டாள், சைக்கிள் கதை உட்பட.

டெனிஸ் மகளின் அளவுக்கு ஒரு டூ ஃபார்ட்டி த்ரீ பார்த்திருக்கிறார். கடைக்காரர் வருகிற சனிக்கிழமை வரை எடுத்து வைப்பதாகச் சொன்னார். இவள் தொட மாட்டேன் என்கிறாள். "பொம்பளப் பிள்ளைன்னு சின்னதா வாங்கிக் குடுத்தாங்கன்னு ரூடி மாமா சொல்வாரு. லூட்விக் மாமா வாயால சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறாள். நீ சொல்லாவிட்டால் பெரியவரைத்தான் தூக்கிக்கொண்டு வருவாள். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

நீ தவறவிடுகிறாய் என்று எனக்கு எப்போதோ தெரியும். எத்தனை நவம்பரில் வாலில்லாத சட்டையை என்னிடம் துவைக்கப் போட்டிருக்கிறாய்? ஒரு வார்த்தை கேட்டேனா? கிறிஸ்துமஸுக்கு இன்னொன்று தைத்தேன். ஆனால் ஏன் தவறுகிறது என்று எனக்குத் தெரியாது, அண்ணா. தெரிந்திருந்தால் அந்த ரைபிளை அலமாரியிலிருந்து எடுத்திருக்கவே மாட்டேன். உனக்குத் தெரியும்.

ஓல்கா

11 அக்டோபர் 1984
டுலூத் துறைமுகம்

மிலேனா,

நான் சுகம். எல்லோரையும் கேட்டதாகச் சொல். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

1953இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எழுபத்து மூன்று பவுண்டு இருந்தேன். உன் தாத்தா பெரியவரை என் தோளில் வைத்து, "பல்லக் கடிச்சுக்கடா" என்றார். கடித்தேன். நான் கண்ணைத் திறந்துகொண்டு சுட்டது அந்த ஒரே குண்டு. அதற்குப் பிறகு முப்பத்தொரு நவம்பர் ஆகிறது. விசையில் விரல் பட்டதும் கண் மூடிக்கொள்கிறது. திறக்கும்போது மான் இருப்பதில்லை. பல வருஷங்கள் மானைப் பார்த்தும் சுடாமலே விட்டேன், சட்டையாவது மிஞ்சட்டும் என்று.

நீ கேட்ட எண்ணிக்கை: பூஜ்யம்.

ரூடிக்கும் ஃப்ராங்குக்கும் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள். பதிலுக்கு வேட்டைக்காலம் முழுக்க நான் அவர்களுக்குச் சமைக்கிறேன். சுவரில் இருக்கும் கொம்புகள் எல்லாம் ஃப்ராங்குடையவை. அவன் என்னையும் ரூடியையும் போலப் பெரூஷெக் இல்லை. பன்னிரண்டு வயதில் அவனுக்குப் பெரியவர் கிடைக்கவில்லை.

பிறகு ஏன் அதை உனக்குக் கொடுத்தேன்? நீ அதைத் தாங்கிக்கொண்டு ஒரு மானை அடித்துவிட்டால், என் கதைகளில் பாதியாவது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. உன் இடக்கைக் கடிதம் வந்த அன்றே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். அலையைப் பற்றி எழுதினேன்.

சின்னதை வாங்கு. நான் சொன்னதாகச் சொல்லியே வாங்கு. ரூடி ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

லூட்விக்

21 அக்டோபர் 1984
ஈலி

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் கடிதத்தில் 'மாமா' என்று கையெழுத்துப் போட மறந்துவிட்டீர்கள். நான் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் போன வாரம் சனிக்கிழமை காலை வந்தது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார், ரைபிள் வாங்கினோம். ஆறு பவுண்டுதான். கட்டையின் அடியில் ரப்பர் வைத்திருக்கிறது. விரல் எட்டுகிறது. முதல் நான்கு நாள் ஐலா அம்மையார் அதைத் தொடவே விடவில்லை. அணில் சுடும் குட்டி ரைபிளால் சுடச் சொன்னார். நேற்றுத்தான் இதைக் கொடுத்தார். இருபது தடவை அழுத்தினேன். அதில் ஆறு வெற்றுத் தோட்டா. ஆறில் ஐந்து தடவை குழல் அசையவில்லை.

பெயர் சொல்லாமல் அவரிடம் ஒன்று கேட்டேன். நாற்பத்து மூன்று வயதுக்கு மேல் இது போகுமா? "வயசு கெடக்கட்டும். அந்த மனுஷன் வெக்கப்படாம வந்து நிப்பானா, அதக் கேளு" என்றார். யார் என்று அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வியாழக்கிழமை வருகிறீர்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரளைக்கல் பள்ளம். நான் தோட்டா போடுவேன். நீங்கள் பார்க்கக் கூடாது.

மிலேனா

20 நவம்பர் 1984
'வில்பர் ஹாக்ஸ்' கப்பல்

மச்சான் டெனிஸுக்கு,

உங்கள் முதுகும் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். அவசரமாகக் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் கிளம்பும் முன் உங்களைக் கடையில் வந்து பார்க்க முடியவில்லை. நடந்ததை மிலேனா சொல்லியிருப்பாள். ஆனால் அவள் ஐந்து வாக்கியத்தில் முடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் இரவே ரூடி ஆரம்பித்தான். "என்ன லூட், பிள்ளைக்குப் பொம்மைத் துப்பாக்கியா?" என்றான். நான் சூப் கரண்டியைக் கீழே வைத்தேன். "பெரியவர் எனக்குப் பண்ணத இவளுக்குப் பண்ண விடமாட்டேன். சுவத்துல பதினொண்ணு என்னுது. அவ எண்ணிட்டா" என்றேன். ரூடி தன் தட்டைத் தள்ளி வைத்தான். "மிச்சம் ஆறும் என்னுது" என்றான். எனக்குத் தெரியும்தான். அவன் சொல்லிக் கேட்டது முதல் தடவை.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஒரு பெட்டை மான் வந்தது. மிலேனா சுட்டாள். மான் போய்விட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். "மேல போச்சு மாமா, முதுகுக்கு ஒரு ஜாண் மேல" என்றாள். "கண்ணு?" என்றேன். "அதான் பாத்தேன்னு சொல்றேன்ல!"

குடிசைக்கு வந்ததும் ஃப்ராங்க் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் அவளே திரும்பி நின்று, "எல்லாருக்கும் வெட்ற மாதிரி வெட்டுங்க" என்றாள். பதினெட்டாவது வால். பெயர் எழுதியே தீர வேண்டும் என்று அடம்பிடித்து, தானே எழுதினாள். இரண்டாவது சனிக்கிழமை அறுபது அடி தூரத்தில் ஒரு பெட்டை மானை ஒரே தோட்டாவில் சாய்த்தாள். அதை நீங்கள் தின்றுகொண்டிருப்பீர்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை தன் ரைபிளை என்னிடம் நீட்டினாள். எனக்கு அந்தக் கட்டை போதாது. அதைத் தோளில் வைத்தால் வயலின் வாசிப்பவன் மாதிரி இருந்தேன். அதற்கு முன் இரண்டு வாரம், அவள் பள்ளி விட்டு வரும் நாளெல்லாம் சரளைக்கல் பள்ளத்தில் என்னை நிற்கவைத்துத் தோட்டா போட்டுக் கொடுத்தாள். முதல் நாள் ஒவ்வொரு வெற்றுத் தோட்டாவுக்கும் துள்ளினேன். பத்தாம் நாள் பாதிக்குத்தான்.

பத்து மணிக்கு ஓர் ஆண் மான் வந்தது. அழுத்தினேன். குண்டு பட்ட இடத்தில் மயிர் அசைவதைப் பார்த்தேன். மச்சான், நான் அதைப் பார்த்தேன்.

கொம்பு என் நடுவிரல் நீளம். எடை தொண்ணூற்றாறு பவுண்டு. ஃப்ராங்கின் தராசில் நிறுத்தேன், ரூடி சாட்சி. இதில் ஒரு பவுண்டுகூட நான் சேர்க்கவில்லை. பழக்கமில்லாததால் எழுதும் கை வலிக்கிறது.

பெரியவரைச் சுவரில், அந்தப் பதினேழு வால்களுக்கும் நடுவில், நிரந்தரமாக மாட்டிவிட்டோம். அவருடைய வேட்டைதான் அவ்வளவும்.

பூட்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இருபது வருஷமாக எனக்கும் இடது கால் கடிக்கிறது. அடுத்த முறை வரும்போது அளந்து பாருங்கள்.

லூட்விக்

16 டிசம்பர் 1984
ஈலி

அண்ணா,

நாங்கள் எல்லோரும் சுகம். ஏரி உறைவதற்குள் கப்பல் கரை சேரட்டும். வாதுமைக் கொட்டை வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று பொட்டலத்தில் இருக்கிறது. கப்பல்காரர்களுக்கும் ஒரு துண்டு கொடு. உன் கால் அளவை எழுதி அனுப்பச் சொல்கிறார் டெனிஸ். உண்மையான அளவை.

கிறிஸ்துமஸுக்கு நீலத்தில் கறுப்புக் கட்டம் போட்ட துணி மூன்று கஜம் எடுத்தேன். மிலேனாவுக்குச் சட்டை தைத்துவிட்டேன். இந்த வருஷம் வால் போனது அவள் பழைய சட்டைக்குத்தானே.

நீ விட்டுப்போன சட்டையைத் துவைத்து மடிக்கும்போது திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது. அதனால் இந்த வருஷம் உனக்குச் சட்டை கிடையாது. காலுறை பின்னி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
ஓல்கா